அம்மா பழைய டிஸ்பென்சரி டொக்டரை விடமாட்டேங்கிறாங்க. "நம்மளத் தெரிஞ்சவரு"ன்னா என்ன அர்த்தம்?

ஓயாக்கரைக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் கொழும்புல வேலை செய்றேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயம்தான், தொழிலாளர் வரிசை வீடு. அம்மாவுக்கு 63 வயசு. 36 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. மூணு வருஷத்துக்கு முந்தி பேர் வெட்டி, அதாவது வேலையில இருந்து நின்னு, ஈ.பி.எஃப். காசு எடுத்துட்டாங்க. இனி மலைக்குப் போகக்கூடாதுன்னு நானும் தம்பியும் கண்டிப்பாச் சொல்லிட்டோம். மாசா மாசம் நான் காசு அனுப்புறேன். அம்மாவுக்கு சீனி வியாதியும் பிரஷரும் இருக்கு.

ஆறு மாசமா நெஞ்சுக்குழி காந்துதுன்னு சொல்றாங்க. மருந்து எடுக்கிறது டவுனுல இருக்கிற ஒரு பழைய டிஸ்பென்சரியில. டொக்டருக்கு 70 தாண்டியிருக்கும். என் காதுகுத்துக்கு முந்தின காய்ச்சலுக்கே அவர்தான் மருந்து குடுத்தாராம். தீபாவளி லீவுல நானும் கூடப் போனேன். எங்களுக்கு 47ஆம் நம்பர், கூப்பிடும்போது பதினொரு மணி.

உள்ள போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கூரைத் தகரம் மாத்தியாச்சா?" அடுத்தது, "சின்னவன் கட்டாருல இருந்து பேசுறானா?" அதுக்கப்புறம்தான் பிரஷர் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அம்மாவோட வலது கையைப் பிடிச்சு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டாங்க. அவர் லேசா சிரிச்சார், ஒண்ணும் சொல்லல. ரெண்டு பாதத்தையும் குனிஞ்சு பார்த்துட்டு, செருப்பு போடச் சொன்னார். மூணு வகைக் குளுசையைக் கடுதாசிப் பையில போட்டு, "வெறும் வயித்தோட எங்கயும் போகாதீங்க, விளங்குதா?"ன்னு ரெண்டு தரம் சொன்னார். அவ்வளவுதான். ஒரு டெஸ்ட் எழுதல.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நெஞ்சு காந்துதுன்னு வந்தவங்ககிட்ட கூரைத் தகரத்தை விசாரிக்கிறதா வைத்தியம்? அடுத்த கிழமையே கண்டியில ஒரு ஸ்பெஷலிஸ்ட்டை சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்து), விடியக்காலை பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போனேன். ஈ.சீ.ஜி., எக்கோ, இன்னொரு நாள் எண்டோஸ்கொப்பி. பஸ் காசு, சாப்பாடு எல்லாம் சேர்த்து என்னோட ஒரு மாசச் சம்பளத்துல பாதி போயிருச்சு. எல்லாமே 'நோர்மல்'. அந்த ஸ்பெஷலிஸ்ட்டைக் குறை சொல்லமாட்டேன், கவனமாத்தான் பார்த்தார். ஆனா கேள்வி எல்லாம் என்கிட்டதான் கேட்டார். அம்மா பக்கத்துல மஞ்சப் பையை மடியில வெச்சுக்கிட்டு சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

காந்தல் அப்படியேதான் இருக்கு. அம்மா திரும்பப் பழைய டொக்டர்கிட்டயே போறாங்க. கேட்டா, "அவருக்கு நம்மளத் தெரியும் புள்ள"ங்கிறாங்க.

இதுக்கு என்ன அர்த்தம்? கைராசின்னு சொல்றாங்களே, அதுதானா? இல்ல, இந்த மாதிரி டொக்டர்மார் வேற ஏதாவது பார்க்கிறாங்களா? மாத்திடுங்கன்னு நான் பிடிவாதம் பிடிக்கிறது சரியா, தப்பா?

ஊவாக்காரன்:

அக்கா, தயவுசெய்து மாத்துங்க. எங்க பெரிய மாமாவையும் இப்படித்தான் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் பார்த்தார். நெஞ்சு எரியுதுன்னு போன ஒவ்வொரு தடவையும் "உனக்கு எப்பவும் இருக்கிற கேஸ்தானே"ன்னு முதுகுல தட்டி வெள்ளைத் தண்ணி மருந்து குடுத்து அனுப்புவார். நாலு மாசம். கடைசியில பதுளை ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கும்போதே விழுந்துட்டார். ஹார்ட் அட்டாக். உயிர் தப்பினது எங்க பாட்டி செஞ்ச புண்ணியம்.

தெரிஞ்சவருங்கிறதுதான் பிரச்சினையே. தெரியாத டொக்டரா இருந்தா பயந்தாவது ஈ.சீ.ஜி. எடுத்திருப்பார்.

லயத்து டொக்டர்:

நான் குடும்ப வைத்தியன். மலையகத்து டவுன் ஒன்றில் 19 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பிறந்ததும் லயத்தில்தான். அம்மா பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஆயம்மாவாக இருந்தார். அதனால் இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு, அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

முதலில் ஊவாக்காரன் தம்பிக்கு. நீங்கள் சொன்னது நடக்கிற விஷயம். சீனி வியாதி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. காந்தல், மூச்சு வாங்குதல், வெறும் சோர்வு என்றுகூட வரும். 63 வயதில், சீனியும் பிரஷரும் உள்ள ஒரு அம்மா நெஞ்சுக்குழி காந்துகிறது என்றால் ஈ.சீ.ஜி. எடுக்கத்தான் வேண்டும். ஆகவே தங்கச்சி, நீங்கள் கண்டிக்குப் போனது வீண் செலவில்லை. அந்தப் பெரியவர் அதை எழுதாதது அவர் விட்ட பிழை என்றே நினைக்கிறேன்.

நானும் விட்டிருக்கிறேன். 12 வருஷமாக என்னிடம் வருகிற ஒரு கங்காணி ஐயா, சுருட்டுக்காரர். அவர் வாசலுக்கு வரும்போதே இருமலைக் கேட்டு யாரென்று சொல்லிவிடுவேன். அந்த இருமல் மாறியது எனக்குக் கேட்கவில்லை. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு கிழமை எனக்குப் பதிலாக இருந்த இளம் டொக்டர்தான் சளியை நெஞ்சு நோய் கிளினிக்குக்கு அனுப்பினார். காசநோய். அவருக்கு அந்த மனிதரைத் தெரியாது, அதனால்தான் கண்டுபிடித்தார்.

இனி உங்கள் கேள்வி. கூரைத் தகரம்.

நான் ஹவுஸ் ஒஃபிசராக இருந்தபோது வார்டில் எனக்குப் பாதி வேலை மொழிபெயர்ப்புதான். சிங்கள டொக்டர்மாருக்கு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ் டொக்டருக்கும். ஒரு பாட்டி "மேலுக்கு முடியல சாமி" என்கிறார். இவர் தலையைத் தொட்டு, "மேல எங்க? தலையா, கழுத்தா?" என்று கேட்கிறார். மேல் என்றால் எங்களுக்கு உடம்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது சொல் பிரச்சினை, இரண்டு கிழமையில் பழகிவிடும். அந்தச் சொல்லை ஒருவர் என்றைக்குச் சொல்கிறார், யாருக்கு முன்னால் சொல்கிறார் என்பது பழக வருஷக்கணக்காகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்து அம்மா ஒருவர், கொழுந்து எடுப்பவர். பிரஷர் எதற்கும் இறங்கவில்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு மாதமும் ஒரு குளுசை கூடியிருக்கிறது. நாலு வகை. எழுதியவர்கள் எல்லோரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அவரிடம், "மலைக்குப் போற அன்னைக்கு எந்தக் குளுசையை எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். அதில் ஒன்று மூத்திரம் போகவைக்கிற குளுசை. அதைப் போட்டால் மலையில் எங்கே போவது? தேயிலைச் செடிக்குள் ஒதுங்கினால் அட்டை, பக்கத்து நிரையில் ஆம்பிளைக் கங்காணி. அதனால் வேலை நாளில் அதைப் போடுவதில்லை. அது எந்தக் குளுசை என்று நிச்சயமாகத் தெரியாததால் எதற்கு வம்பென்று நாலையுமே போடுவதில்லை! தண்ணீரும் குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருந்து. குளுசையை மாற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே நேரமாக்கினேன். இரண்டு மாதத்தில் நாலு இரண்டாகியது. அந்தக் கேள்வியைக் கேட்க நான் பெரிய மேதையாக இருக்கத் தேவையில்லை. என் சின்னம்மா இதே காரணத்துக்காகக் காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார், அவ்வளவுதான்.

கூரைத் தகரத்தை விசாரிப்பது சும்மா நலம் விசாரிப்பாக இருக்கலாம். ஒழுகுகிற வீட்டில் இரவில் யார் தூங்குகிறார்கள், விறகு அடுப்புப் புகை எங்கே போகிறது, கட்டாரிலிருந்து காசு வருகிறதா நின்றுவிட்டதா என்பதற்கான கேள்வியாகவும் இருக்கலாம். "உங்களுக்கு மனக்கவலை ஏதும் இருக்கா?" என்று நேராகக் கேட்டால் எங்கள் ஆட்கள் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். கூரையைப் பற்றிக் கேட்டால் கூரையில் தொடங்கி மருமகள் வரைக்கும் வருவார்கள்.

பொறுமையாகக் கேட்டால்தான் வரும். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு பேர் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து 1984இல் எழுதினார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 செக்கனில் டொக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 23 வீதம்தான். அதை வாசித்த பிறகு ஒரு நாள் மேசையில் மணிக்கூட்டை வைத்து என்னையே பார்த்தேன். 60 பேர் வெளியில் இருக்கும்போது 18 செக்கன் எனக்குப் பெரிய தாராளமாகப் பட்டது. இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். அவர்கள் பேசத் தொடங்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கையில் பேனா இருந்தால் வாயும் சும்மா இருப்பதில்லை.

அப்படியும் பெரிய விஷயம் கடைசியில்தான் வருகிறது. மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி, "அப்புறம் சாமி, இன்னொண்ணு கேக்கணும்..." என்பார்கள். அன்றைக்கு வந்ததே அதற்குத்தான்.

1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற ஹங்கேரிக்காரர், மனநல வைத்தியர், சாதாரணக் குடும்ப டொக்டர்மாரை வாராவாரம் கூட்டிவைத்து, அவரவருக்குத் தலையிடி கொடுக்கிற நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். அவர் சொன்ன இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, டொக்டரே ஒரு மருந்து, எல்லாவற்றையும்விட அதிகம் கொடுக்கப்படுவது அந்த மருந்துதான், ஆனால் எவ்வளவு டோஸ் கொடுப்பது, என்ன பக்கவிளைவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது. உங்கள் மாமாவுக்கு வந்தது அந்தப் பக்கவிளைவுதான், ஊவாக்காரன் தம்பி. இரண்டாவது, ஒரு நோயாளியை ஸ்பெஷலிஸ்ட் மாற்றி ஸ்பெஷலிஸ்ட் பார்க்கும்போது, கடைசியில் அந்த ஆளுக்கு யார் பொறுப்பு என்றே இல்லாமல் போவது. இங்கிலாந்தில் பெரும்பாலும் குடும்ப டொக்டர் வழியாகத்தான் ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியும், ரிப்போர்ட் திரும்ப அவரிடமே வரும். இங்கே யாரும் யாரையும் நேரே சனல் பண்ணலாம். வசதிதான். ஆனால் கண்டி ரிப்போர்ட் இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் கொழும்பு ரூமில்தானே? அதை முதலில் அந்தப் பழைய டொக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒரே டொக்டரிடம் தொடர்ந்து போவது வெறும் பாசம் இல்லை என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. நோர்வேயில் 45 இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரே குடும்ப டொக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் கால்வாசி அளவுக்குக் குறைவாக இருந்தது. அங்கே ஆளுக்கொரு டொக்டர் என்று பதிவு இருக்கிறது, இங்கே இல்லை. அதனால் அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அவர் அம்மாவின் விரலைத் திருப்பிப் பார்த்தார், அம்மா கையை இழுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். "வெறும் வயித்தோட எங்கயும் போகாதீங்க" என்றாராம். அந்த 'எங்கயும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? என் ஊகத்தை இங்கே எழுதமாட்டேன். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது நீங்களும் அந்த விரலைப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்.

நம்பர் அக்கா:

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில 11 வருஷமா நம்பர் குடுக்கிறேன். டொக்டர் சொன்ன செருப்புக் கதை நூத்துக்கு நூறு உண்மை. செருப்பை மாட்டினவங்க திரும்ப உள்ள போனா, அடுத்த நம்பர்காரங்ககிட்ட "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க"ன்னு நானே சொல்லிருவேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் தங்கச்சி, டொக்டர் கோவிச்சுக்கக் கூடாது. தெரிஞ்சவருங்கிறது வயசானவங்களுக்குத்தான் நல்லது. இளசுகளுக்கு அது பெரிய இடைஞ்சல். அப்பா, பெரியப்பா, சித்தி எல்லாரும் மருந்து எடுக்கிற இடத்துக்கு ஒரு பொம்பளப் புள்ள நாள் தள்ளிப்போச்சுன்னு எப்படி வரும்? எங்க பக்கத்துப் பையன் ஒருத்தன் ராவு தூக்கமில்லாம, செத்துரலாமான்னு இருந்திருக்கான். எங்க டொக்டர் நாலு எட்டுல இருக்கார். அவன் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் முகம் தெரியாத டொக்டர்கிட்டதான் வாயைத் திறந்தான். நல்லவேளை திறந்தான்.

எங்க ரூமுக்கும் வெளி வாங்குக்கும் நடுவுல வெறும் பலகைத் தட்டிதான். உள்ள பேசுறது எல்லாம் வெளிய கேக்கும். சில பேரு உள்ள போகும்போது டொக்டர் என்னைப் பார்த்து, "ரேடியோவைக் கூட்டு"ம்பார். நான் கூட்டிருவேன். அதுக்குள்ள என்ன பேசுனாங்கன்னு இந்த 11 வருஷத்துல எனக்கே தெரியாது.

லயத்து டொக்டர்:

கோபமே இல்லை. சரியாகச் சொன்னீர்கள். என்னிடமும் 18, 20 வயதுப் பிள்ளைகள் குறைவு. பக்கத்து டவுன் டொக்டரிடம் என் ஊர்ப் பிள்ளைகள் போகிறார்கள், அவர் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் சந்தித்தால் கிரிக்கெட் பற்றித்தான் பேசுவோம்.

ரேடியோ யோசனையை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஓயாக்கரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட மூணு கிழமை ஆயிருச்சு. போன போயா (பௌர்ணமி) லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன்.

விரலைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், ஓரமெல்லாம் கறுப்பு, வெடிப்புக்குள்ள கறை. சின்ன வயசுல அந்தக் கையாலதான் எனக்கு ரொட்டி பிச்சு ஊட்டுனாங்க, அப்பவும் அந்தக் கறை இருக்கும். அதனாலயோ என்னமோ கண்ணுல படவே இல்ல. மூணு வருஷத்துக்கு முந்தி வேலையை விட்ட கையில கொழுந்துக் கறை எப்படி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

திட்டாமத்தான் கேட்டேன். ரொம்ப நேரம் அடுப்பை ஊதிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க. கிழமையில மூணு நாள், சில நேரம் ஞாயிறும், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போறாங்களாம். கிலோவுக்கு இவ்வளவுன்னு கையிலயே காசு. நான் அனுப்புற காசை அப்படியே தம்பி பேருல போட்டு வெச்சிருக்காங்க. கட்டாருல அவனுக்கு நாலு மாசமாச் சம்பளம் ஒழுங்கா இல்லையாம். அதையும் என்கிட்டச் சொல்லல.

"டொக்டருக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "கையைப் பார்த்தாரே, தெரியாம இருக்குமா? அதுக்கு முந்தின தரமே கேட்டாரு. மககிட்டச் சொல்லிறாதீங்கன்னேன். நான் ஏன் சொல்றேன், நீங்களே சொல்லுங்கன்னாரு."

இதுல அவருக்கும் தெரியாதது ஒண்ணு இருந்துச்சு. மலைக்குப் போற அன்னைக்குக் காலையில, முதுகு பிடிக்காம இருக்க, டவுன் கடையில வாங்கின வலிக் குளுசை ரெண்டு. வெறும் தேத்தண்ணியோட. சுருக்குப் பையில வெத்திலைக்கு அடியில அட்டையே இருந்துச்சு. படம் எடுத்து பாமசியில வேலை செய்ற சிநேகிதிக்கு அனுப்பினேன். டைக்ளோஃபெனாக்காம். வயித்தைக் காந்தவைக்கும், சீனியும் பிரஷரும் இருக்கிறவங்களுக்குக் கிட்னிக்கும் கூடாதுன்னு போன்லயே கத்துனா. ஒரு வருஷத்துக்கு மேலயா போடுறாங்களாம். கண்டியில ஏன் சொல்லலன்னு கேட்டா, "அவரு என்கிட்ட கேக்கலயே, உங்கிட்டத்தான கேட்டாரு"ங்கிறாங்க. பழைய டொக்டர்கிட்ட ஏன் சொல்லலன்னா, "ஏசுவாரு."

வர்ற ஞாயிறு திரும்பப் போறேன். கண்டி ரிப்போர்ட், அந்தக் குளுசை அட்டை ரெண்டையும் கொண்டு போறேன். கூட உள்ள வரட்டான்னு கேட்டேன். "நீ வெளிய வாங்குல இரு, தேவைன்னா கூப்புடுறேன்"னுட்டாங்க.